சுகந்தியின் போனில் புஷ்பம்

ஆகஸ்ட் 11, திங்கள். சீகிரியா.

வெயில். காற்று இருந்தும் பிரயோசனம் இல்லை, புழுதியைத்தான் வாரிக்கொண்டு வருகிறது. மாத்தளையில் ஏறியது முதல் தம்புள்ளை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். அங்கிருந்து ஆட்டோ. முழங்கால் இப்போதே முறைப்பாடு.

கொண்டுவந்தவை: தொப்பி, தைலம், சுடிதார் மூன்று, நல்ல சாரி ஒன்று (எதற்கு? யானைக்குக் காட்டவா?), இஞ்சி பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், இந்தக் கொப்பி.
மறந்தது: போன் சார்ஜர். என்னைச் சொல்ல வேண்டும்.

நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கோயில், கல்யாணம், சாவு, செயலமர்வு எதுவும் இல்லாத ஒரு பயணம். நான்கு நாள், இரண்டு சஃபாரி. ஸ்டாஃப் ரூமில் விஷயத்தைச் சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. "யானை பாக்கவா? தனியாவா? ஏன் டீச்சர், வீட்டுல எதும் பிரச்சினையா?" பிரச்சினை ஒன்றும் இல்லை. யானை பார்க்க ஆசை. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, காட்டு யானையைப் பார்த்தது டிவியில் மட்டும்.

குழுவை நாலரைக்குச் சந்திக்க வேண்டும் என்று கடதாசியில் இருந்தது. விடுதித் தோட்டத்தில் நாலு இருபதுக்கே போய் உட்கார்ந்தேன். வந்தார்கள், ஐந்து பத்துக்கு. மன்னிப்பு? ஒருவர் வாயிலும் இல்லை.

மற்றவர்கள் கண்டியிலிருந்தே ஒன்றாக வருகிறார்கள். நேற்று எல்கடுவயில் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளை நான் வேண்டாம் என்று வெட்டிவிட்டேன். பிறந்து வளர்ந்த இடத்தைக் காசு கட்டிப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா? அதனால் அவர்களுக்குள் ஏற்கெனவே சிரிப்பு, பகிடி. நான் இடையில் சேர்ந்த மாணவி மாதிரி.

யார் யார்:
நஸார். கைட். மாத்தளைப் பையன், முப்பது இருக்கும். நல்ல மரியாதை. நேரம் மட்டும் தெரியாது.
கனடாத் தம்பதி. பாலா, சுகந்தி. யாழ்ப்பாணம் பிறந்த ஊர், இப்போது டொரண்டோ. அவருக்கு அறுபது, எல்லாம் தெரியும். அவளுக்கு ஐம்பத்தைந்து, போன் கையை விட்டு இறங்காது.
ஹொலண்ட் பிள்ளை. பெயர் வாயில் நுழையவில்லை. இனி ஹொ.பி. தோளில் என் கை நீளத்துக்குக் கேமரா.

வந்த உடனே பாலா செய்த வேலையை எழுதாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. தம்பிலி இளநீர் குடித்து முடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். வெறும் கிளாஸை என்னிடம் நீட்டினார். என்னிடம்! நான் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன், தொப்பி போட்டிருக்கிறேன், மடியில் கைப்பை. அதைவிட எரிகிறது எதுவென்றால், நான் வாங்கிவிட்டேன். கை தானாக நீண்டது. வாங்கி மேசையில் வைத்தேன். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்ன கை இது.

பிறகு அறிமுகம். நஸார் வட்டமாக உட்காரவைத்து, "பேரு, ஊரு, எந்த மிருகத்த பாக்க ஆச, மூணையும் சொல்லுங்க" என்றான். ஹொ.பி.க்குச் சிறுத்தை. பாலாவுக்கும் சிறுத்தை, ஆனால் முதலில் ஆபிரிக்காவில் தான் பார்த்த சிங்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம். சுகந்திக்கு யானைக்குட்டி. என் முறை.

"இந்திராணி. மாத்தளை. டீச்சர்ங்க."

மிருகத்தைச் சொல்ல மறந்தே போனேன். ஏனென்றால் அதற்குள் பாலா: "நீங்கள் கதைக்கிறதைப் பாத்தா இந்தியா ஆக்கள் போல?"

"மாத்தளைங்க."

"அது சரி. பூர்வீகம்?"

பூர்வீகம்! என் தாத்தாவின் அப்பா வந்து இறங்கிய கதையை இவர் குடிக்கும் தம்பிலிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்க வேண்டுமாம். "நீங்க கனடாங்களா? பூர்வீகம்?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இது குளியலறையில் முகம் கழுவும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் பதில் குளியலறையில்தான் வரும்.

அப்போது சுகந்தி குறுக்கே வந்தாள். "மாத்தளையில எங்க டீச்சர்?"

"எல்கடுவ பக்கம்" என்றேன். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னேன் என்று இருந்தது. தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்த நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் பக்கத்து டவுனைச் சொல்வது. ஆசிரியர் கலாசாலையில் என் பெட்ச்சில் பத்துப் பேர் 'கண்டி'. ஒருவரும் கண்டியில் பிறக்கவில்லை.

எல்கடுவ என்றதும் சுகந்தி போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

தேயிலை மலை. பின்னால் மூட்டம். முன்னால் தலையில் கயிறு மாட்டிப் பிரம்புக் கூடை சுமந்த ஒரு பொம்பளை. நீலச் சேலையில் மஞ்சள் சின்னப் பூ. பக்கவாட்டில் ஒரு பல் இல்லாத சிரிப்பு.

"இவவைத் தெரியுமோ?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எஸ்டேட்டுல எவ்வளவோ பேர் இருக்காங்க. எல்லாரையும் தெரிஞ்சிருக்க முடியுங்களா?"

சுகந்தி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓம், அதுவும் சரிதான்" என்று போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

என் பதிலில் என்ன பிழை? டொரண்டோவில் இருக்கும் தமிழர் எல்லாரையும் இவளுக்குத் தெரியுமா? தோட்டம் என்றால் ஒரே குடும்பம், ஒரே முகம் என்று நினைப்பு. என்ன கொழுப்பு!

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை யார் பார்க்கப்போகிறார்கள். அது புஷ்பம். என் தங்கச்சி. அந்த நீலச் சேலை போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

அந்தப் படத்தில் பொய் இல்லாதது அவள் சிரிப்பு மட்டும்தான். அந்தக் கூடை ஆபீஸ் வராந்தாவில் தொங்குவது, டூரிஸ்ட் வந்தால் மட்டும் இறங்கும். மற்ற நாளில் கொழுந்து போடுவது உரப்பையில். மலைக்குப் போகிற எவளாவது தீபாவளிச் சேலை கட்டுவாளா? பழைய சட்டை, அதற்கு மேல் இடுப்பைச் சுற்றி படங்கு. அந்தச் சாக்கு இல்லாவிட்டால் செடியில் இருக்கும் பனி முழுக்கப் பாவாடையில், அட்டை முழுக்கக் காலில். படத்தில் படங்கு இல்லை. கழற்றச் சொல்லியிருப்பார்கள், அழகு குறையுமாம். என் தங்கச்சியைப் பொம்மை மாதிரி உடுத்திவைத்துப் படம் எடுத்து, என்னிடமே கொண்டுவந்து இவவைத் தெரியுமோ என்கிறாள்.

இரவுச் சாப்பாடு: சோறு, பருப்பு, காரம் இல்லாத கோழி, மிளகாய் இல்லாத சம்பல். மிளகாய் இல்லாமல் அது எப்படிச் சம்பல் ஆகும்? சுகந்தி தள்ளி உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை. பெரிய இடம்.


ஆகஸ்ட் 12, செவ்வாய். சீகிரியா.

காலையில் எல்லாரும் குன்று ஏறப் போனார்கள். நான் போகவில்லை. முழங்கால். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்தேன். ஒன்று என் இஞ்சி பிஸ்கட்டை உறையோடு தூக்கிக்கொண்டு போனது. இந்தப் பயணத்தில் நான் நேருக்கு நேர் சந்தித்த முதல் மிருகம் ஒரு கள்ளன்.

ஹொ.பி. சார்ஜர் தந்தாள். கேட்காமலே. நல்ல பிள்ளை.

பன்னிரண்டரைக்குப் புஷ்பத்துக்குப் போன். மலையில் சாப்பாட்டு நேரம். பின்னால் பொம்பளைகளின் சத்தம்.

"ஒன் படத்த பாத்தேன் புஷ்பம். இங்க ஒரு கனடா அம்மா போன்ல."

"ஐயோ! அப்ப நீ அவங்க கூடத்தான் போயிருக்கியாக்கா?" ஒரே சிரிப்பு. "நல்ல அம்மா. மத்தவங்கல்லாம் படம் எடுத்துட்டு போயிட்டாங்க, அவங்க மட்டும் கல்லுல ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க."

"படங்க ஏன் கழட்டுன?"

"படத்துக்குத்தானே. நான்தான் கழட்டுனேன். நல்ல சேலைக்கு மேல சாக்கு எதுக்கு? காலெல்லாம் அட்ட, அது வேற கத."

அவளேதான் கழற்றினாளாம். எனக்கு இன்னும் கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"என் தங்கச்சின்னு சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

எழுதும்போதே கை கூசுகிறது. எவ்வளவு சுலபமாக வந்தது.

"என்னா சொன்னாங்க?"

"சந்தோசப்பட்டாங்க."

"அப்ப அந்த போட்டோவ எனக்கு அனுப்பச் சொல்லுக்கா. வருசம் பதினெட்டாச்சு மலைக்கு வந்து, வேல செய்யிற மாதிரி ஒரு படம் கூட எங்கிட்ட இல்ல. ஒங்கிட்ட அனுப்பச் சொல்லி நீ எனக்கு அனுப்பு. நான்கூட அவங்கக்கிட்ட—"

சிக்னல் போய்விட்டது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இப்போது பார், மாட்டிக்கொண்டேன். சுகந்தியிடம் படத்தைக் கேட்டால் ஏன் என்று கேட்பாள். தங்கச்சி என்றால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பாள். வாய் திறந்து கேட்காவிட்டாலும் அந்தப் பார்வை பார்ப்பாள். கேட்காவிட்டால் புஷ்பத்துக்கு என்ன சொல்வது?

இரண்டு மணிக்கு ஜீப் என்றார்கள், இரண்டே முக்காலுக்கு வந்தது. பின் வரிசை எனக்கும் சுகந்திக்கும். பாலாவும் ஹொ.பி.யும் முன்னால், கால் நீட்ட இடம் உள்ள பக்கம். யார் ஒதுக்கியது? ஒருவரும் ஒதுக்கவில்லையாம், அவர்களாகவே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் என் தலை கூரைக் கம்பியில்.

கேட்க முயற்சி 1: வாசலில், டிக்கெட்டுக்கு நிற்கும்போது. "சுகந்தி, அந்த..." என்று தொடங்கினேன். "என்ன டீச்சர்?" என்று உடனே திரும்பினாள். "அந்தப் பக்கம் வெயில் அடிக்குதா?" என்றேன்.
முயற்சி 2: குளத்துப் பக்கம். டொபி ஒன்றை உறை பிரித்து நீட்டினாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் வேண்டாம் என்றேன்? எனக்கு டொபி பிடிக்கும்.
முயற்சி 3: திரும்பி வரும்போது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா, தெரியாது.

வாயில் கொழுக்கட்டையா எனக்கு? நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிறவள்.

யானை? இருந்தது. ஒரு கூட்டம், அதைச் சுற்றி முப்பது ஜீப்பாவது இருக்கும், புழுதி, டீசல் மணம், மேலே ஏறி நின்று "அங்க, அங்க" என்று கத்துகிற சனம். அந்தப் பிராணிகள் பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டித் தின்றுகொண்டிருந்தன. இப்படி நெருங்கலாமா என்று நஸாரிடம் சண்டை பிடித்தேன். "நானும் அதத்தான் டீச்சர் சொல்றன், ட்ரைவர்மார் கேக்குறாங்க இல்ல. நாளைக்கு வேற பக்கம் போவோம், இன்ஷா அல்லா கூட்டம் கொறவா இருக்கும்" என்றான் பாவம். யாரிடமாவது சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. அவன் அகப்பட்டான்.

இரவு புஷ்பத்திடமிருந்து மெசேஜ்: "போட்டோ?"

பதில் போடவில்லை.


ஆகஸ்ட் 13, புதன். சீகிரியா. பின்னேரம்.

காலையில் மேகம். அதிகாலையிலேயே புறப்பட்டோம். நஸார் சொன்னபடி வேறு வழி. ஜீப் குறைவு. மண் பாதை, இரண்டு பக்கமும் முள்ளுப் பற்றை.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஏழு மணி இருக்கும். ட்ரைவர் சமிந்த திடீரென்று எஞ்சினை நிறுத்தி, வாயில் விரல் வைத்தான். பற்றைக்குள் இருந்து யானைகள் வந்தன. பெரிய பெட்டை ஒன்று முன்னால், பின்னால் வரிசையாக. நடுவில் குட்டி, தாயின் காலுக்குள் ஒளிந்து ஒளிந்து. ஜீப்பிலிருந்து கையால் எட்டக்கூடிய தூரம் என்று சொன்னால் பொய், ஆனால் மூச்சு விடுவது கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

ஹொ.பி. மெல்லிய குரலில் இங்கிலிஷில் பாலாவைக் கேட்டாள்: தேயிலைத் தோட்டத்தில் பார்த்தோமே, அந்தப் பெண்களும் இங்கே யானை பார்க்க வருவார்களா, இதே மாவட்டம்தானே என்று. நியாயமான கேள்வி. எத்தனை பேருக்குத் தோன்றும்?

பாலா அவளுக்கு இல்லை என்று தலையாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சுகந்திக்குத் தமிழில், சிரித்துக்கொண்டு: "அதுகள் எங்க வாறது. அந்த மலையை விட்டு இறங்கியிருக்கவே மாட்டுதுகள்."

அதுகள்!

மாட்டை, கோழியைச் சொல்கிற மாதிரி. அதுகள்!

எழுந்துவிட்டேன். கூரைக் கம்பியில் தலை இடித்தது, வலிக்கவில்லை.

"அதுக இல்லைங்க, அவங்க! அவங்கன்னு சொல்லுங்க! அந்த போட்டோவுல நிக்கிறாளே, அவ என் தங்கச்சி. பேரு புஷ்பம். மலைய விட்டு எறங்கலியா? பத்தொம்பது வயசுல பாஸ்போர்ட்டுல வயச கூட்டிப் போட்டு குவைத்துக்கு போனவ. மூணு வருசம் அங்க வேல செஞ்சு என்னைய கலாசாலையில படிக்க வச்சவ. அவ இல்லாட்டி நானும் இன்னைக்கு அந்த மலையிலதான். அரபு பேசுவா. ஒங்களுக்கு தெரியுமா அரபு?"

சமிந்த சிங்களத்தில், சத்தம் போட வேண்டாம் மிஸ் என்று கெஞ்சினான். பெரிய பெட்டை காதை விரித்து நின்றது. ஒரு பிளிறல். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் பற்றைக்குள். குட்டியின் பின்பக்கம்தான் கடைசியாகத் தெரிந்தது. ஹொ.பி.யின் கேமரா மடியிலேயே இருந்தது.

பாலாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் அப்பிடி ஒண்டும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நன்றாக வேண்டும். இருபத்திரண்டு வருடக் குரலை முழுதாக வெளியே விட்டேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அப்போது சுகந்தி, மெதுவாக: "தெரியும் டீச்சர்."

"என்னா தெரியும்?"

"உங்கட தங்கச்சி எண்டு. அவ சொன்னவ. நாங்கள் சீகிரியாவுக்கு, யானை பாக்கப் போறம் எண்டு நான் சொன்னதும், 'எங்க அக்காவும் நாளைக்கு அங்கதான் வாறாங்க, டீச்சர், பேரு இந்திராணி' எண்டு சொன்னவ. இவர் அப்ப வான் சீட்டில சாஞ்சு நித்திரை. நீங்கள் பேர் சொல்லி, எல்கடுவ எண்டதும் எனக்கு விளங்கீட்டுது. சந்தோசத்தில உடன படத்தைக் காட்டினனான்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கள் தெரியாத மாதிரிக் கதைச்சீங்கள். சொல்ல விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது எண்டு நானும் விட்டிட்டன். இவருக்குக் கூட ஒண்டும் சொல்லேல்லை."

அதுதானா தள்ளி உட்கார்ந்தது. அதுதானா தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடியது. இரண்டு நாளாக எனக்கு மறைப்பாக நின்றிருக்கிறாள், நான் அவளைப் பெரிய இடம் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பாலா சொன்னது ஒரு சொல். நான் செய்தது? அவர் புஷ்பத்தைப் பார்த்ததே இல்லை. நான் அவளோடு ஒரே காம்பராவில், ஒரே பாயில் தூங்கினவள். தெரியாது என்றது நான்தான்.

திரும்பி வரும் வழியில் நஸார் ஒரு மயிலைக் காட்டினான். எல்லாரும் அந்த மயிலை அளவுக்கு மேல் பார்த்தோம்.

விடுதிக்கு வந்து இறங்கியதும் பாலா கிட்ட வந்தார். "டீச்சர், நான் சொன்னது பிழை." அவ்வளவுதான். கையில் என் தண்ணீர்ப் போத்தல், ஜீப்பில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டேன். இன்னும் முழுக்க மன்னிக்கவில்லை. ஆனால் கத்தவும் எனக்கு வாய் இல்லை.

சுகந்தியிடம் கேட்டேன். ஒரே வசனத்தில் கேட்டேன். "அந்தப் படத்த அனுப்புங்க, என் தங்கச்சி கேக்குறா." "வீடியோவும் ஒண்டு இருக்கு" என்றாள்.

ஆறரை மணி. இரண்டும் வந்திருக்கிறது. படத்தைப் புஷ்பத்துக்கு அனுப்பிவிட்டேன். வீடியோவை அனுப்பவில்லை. அரை நிமிடம்கூட இல்லை. கல்லில் உட்கார்ந்து, கூடையை இறக்கி வைத்து, காலில் இருந்து ஒரு அட்டையைச் சுண்டிக்கொண்டே சொல்கிறாள்:

"எங்க அக்காவ நீங்க தேட வேணாம்மா. எல்கடுவைக்கு போனோம்னு மட்டும் சொல்லுங்க. அவங்களே ஓடி வந்து பேசிருவாங்க."

நான்கு தடவை பார்த்தேன்.

ஏழு மணி. புஷ்பம் போன் எடுத்தாள். முதல் கேள்வியே, "நீ சொன்னதும் அந்த அம்மா மூஞ்சி எப்பிடி இருந்துச்சுக்கா? முழுசா சொல்லு."

சந்தோசப்பட்டாங்க என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான் சொல்லல புஷ்பம். படத்த காட்டி தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

அவள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் யாரோ டிவியைச் சத்தமாகப் போட்டிருந்தது கேட்டது. விளம்பரம் ஒன்று தொடங்கி முடிந்தது. வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பிறகு அவள் குரல்:

"சரி. யானையையாச்சும் பாத்தியா?"